ஊரிலிருந்து உலகுக்கு: பேராசிரியர் பற்றிக் கெடிஸின் வாழ்வும் புவியியற் கல்வியும்

நமது கல்லூரியில் புவியியல் படித்த சகோதரிகள் எவரும் அந்த முதலாவது பாடத்தை மறந்திருக்கமாட்டார்கள். புதிய தேசப்படப் புத்தகத்தை ஆசையோடு விரித்து வைத்திருந்த எங்களிடம் அதை மூடி வைக்கும்படி டீச்சர் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளில் அவரவர் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியை வரையச் சொன்னார். பட்டணத்துப் பிள்ளைகள் பிரதான வீதி, பஸ் நிலையம், கோவில், ரயில் பாதை என்று விறுவிறென வரைந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த நாங்கள் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்தோம். லயத்துக்கு வீதிப் பெயர் கிடையாது, இலக்கம் கிடையாது. கடிதம் வந்தாலும் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். டீச்சர் எங்கள் மேசைக்கு வந்து, பீலி எந்தப் பக்கம், ஸ்டோர் எந்தப் பக்கம், பிரட்டுக்களம் எங்கே, அம்மா கொழுந்து பறிப்பது எத்தனையாம் நம்பர் மலை என்று கேட்டுக் கேட்டே வரைய வைத்தார். எங்கள் வீடு இடம்பெற்ற முதலாவது தேசப்படம் அன்று நான் வரைந்ததுதான்.

இது டீச்சரின் சொந்த யோசனை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஆசிரியப் பயிற்சிக்குப் போன பின்னர்தான் இந்த முறைக்குப் பின்னால் ஒரு பெரியவர் நிற்பதை அறிந்தேன். அவர் ஸ்கொட்லாந்து நாட்டவரான பேராசிரியர் பற்றிக் கெடிஸ். நகரத் திட்டமிடலின் முன்னோடி என்று உலகம் அவரை அறியும். புவியியலை வகுப்பறைச் சுவருக்கு வெளியே கொண்டுபோன ஆசிரியர் என்ற வகையில் அவர் நமக்கும் உரியவர். நமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அன்னாரின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்வது பொருத்தம் என்று கருதுகிறேன்.

மலையடிவாரப் பிள்ளை

பற்றிக் கெடிஸ் 1854 ஒக்டோபர் 2ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் மலைப்பகுதியிலுள்ள பலற்றர் என்ற சிற்றூரில், குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். மகனுக்கு மூன்று வயதானபோது குடும்பம் பேர்த் நகருக்கு அருகே ஒரு குன்றின் சரிவிலிருந்த வீட்டில் குடியேறியது. வீட்டைச் சுற்றித் தோட்டம், கீழே நகரம், நகரத்தின் நடுவே டே நதி, தொலைவில் மலைத்தொடர். தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கிடையே நடந்ததும், குன்றின் மேலேறி நதி வரும் வழியையும் போகும் வழியையும் பார்த்ததுமே அவரது முதற் பாடங்கள். ஒரு மேட்டில் நின்று ஓர் ஊரை முழுமையாகப் பார்க்கும் பழக்கம் அங்கே பிடித்து, கடைசி வரை அவரை விடவில்லை.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் தந்தையின் விருப்பப்படி சிறிது காலம் வங்கியொன்றில் வேலை பார்த்தார். மனம் ஒட்டவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தவர் ஒரே வாரத்தில் வெளியேறினார். செத்துக் காய்ந்த தாவரங்களைப் பெயர் சொல்லி அடுக்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. 1874இல் இலண்டனுக்குப் போய், அக்காலத்தின் பேர்பெற்ற உயிரியல் அறிஞர் தோமஸ் ஹக்ஸ்லியிடம் சேர்ந்து பயின்றார். பின்னர் பிரான்சின் கடலோர ஆய்வு நிலையத்திலும் பாரிஸிலும் கற்றார். இவ்வளவு படித்தும் பட்டம் எதுவும் அவர் பெறவில்லை. சோதனைக்காகப் படிப்பதில் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை.

பாரிஸில்தான் பிரெஞ்சு அறிஞர் ல பிளேயின் சிந்தனை அவருக்கு அறிமுகமாயிற்று. ஒரு மக்கள் கூட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவர்கள் வாழும் இடம், செய்யும் தொழில், குடும்பம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அது. கெடிஸ் இதை இடம், தொழில், மக்கள் என்று விரித்துத் தம் வாழ்நாள் முழுவதற்குமான அடித்தளமாக்கிக்கொண்டார்.

இருட்டறையில் கிடைத்த வழி

1879இல் ஆய்வுக்காக மெக்சிக்கோவுக்குச் சென்றபோது அவரது கண்பார்வை திடீரென மங்கிப்போனது. வாரக்கணக்கில் இருட்டறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதாயிற்று. அப்போது வயது 25. நுணுக்குக்காட்டியை நம்பி வாழ நினைத்த இளைஞருக்கு இது எவ்வளவு பெரிய இடி என்பதை நாம் ஊகிக்கலாம். அந்த இருட்டில் சன்னற் சட்டங்களை விரலால் தடவிப் பார்த்தவருக்கு, எண்ணங்களையும் இப்படிக் கட்டம் கட்டமாக அமைக்கலாமே என்று தோன்றிற்று. தாளை மடித்துக் கட்டங்களாக்கி, ஒரு கட்டத்தில் இடத்தையும் ஒன்றில் தொழிலையும் ஒன்றில் மக்களையும் வைத்து, ஒன்று மற்றதை எப்படி மாற்றுகிறது என்று சிந்திக்கும் முறையை வளர்த்துக்கொண்டார். பார்வை திரும்பியது. ஆனால் நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் பார்க்கும் வலு திரும்பவில்லை. சின்னஞ்சிறு உயிர்களை ஆராயப் புறப்பட்டவர் நிலத்தையும் நகரத்தையும் பார்க்கத் தொடங்கியது இப்படித்தான்.

1886இல் லிவர்பூல் வணிகர் ஒருவரின் மகளும் இசை கற்றவருமான ஆனா மோர்ட்டனை மணந்தார். புதுமணத் தம்பதியர் வசதியான வீட்டை விட்டு, எடின்பரோவின் பழைய நகரத்தில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த தொடர்மாடி ஒன்றில் குடியேறினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், முற்றத்தைக் கூட்டுவதும், சன்னலில் பூச்செடி வைப்பதுமாக அயலவரோடு சேர்ந்து அந்த இடத்தைத் திருத்தினார்கள். எட்டடிக் காம்பிராவில் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்து பழகிய நமக்கு அந்த வாழ்க்கை அந்நியமானதல்ல. வரவு செலவும் வீட்டுப் பொறுப்பும் ஆனா அம்மையாரின் தோளிலேயே இருந்தன.

கோபுரமும் கோடைப் பள்ளியும்

1888இல் டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியரானார். கோடைகாலத் தவணையில் மட்டும் கற்பித்தால் போதும் என்பது ஏற்பாடு. 1919 வரை அப்பதவியில் இருந்தார். ஆண்டின் மீதிக் காலத்தைத் தமது கல்விப் பரிசோதனைகளுக்குச் செலவிட்டார்.

அவற்றில் முதன்மையானது 1892இல் எடின்பரோ கோட்டைக்கு அருகே அவர் பொறுப்பேற்ற நோக்குக் கோபுரம். இன்றும் அது நிற்கிறது, சுற்றுலாப் பயணிகள் ஏறிப் பார்க்கிறார்கள். கெடிஸின் காலத்தில் வருபவர்களை அவர் நேரே உச்சிக்கு அழைத்துச் செல்வார். அங்கே இருட்டறை ஒன்றில், வில்லையும் கண்ணாடியும் கொண்ட கருவி ஒன்று வெளியே நடமாடும் நகரத்தை ஒரு வெள்ளை மேசையின் மேல் உயிரோடு விழுத்திக் காட்டும். பிறகு திறந்த மாடத்தில் நின்று அதே நகரத்தை வெறும் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கடுத்து வெறுமையான ஒரு சிற்றறை. பார்த்ததை அங்கே அமைதியாக இருந்து யோசிக்க வேண்டும். அதன் பின்னரே கீழே இறங்கலாம். ஒரு மாடியில் எடின்பரோ, அடுத்ததில் ஸ்கொட்லாந்து, அதற்குக் கீழே ஆங்கிலம் பேசும் நாடுகள், பின்னர் ஐரோப்பா, தரைமாடியில் உலகம். புவியியல் பாடத்தை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதை அவர் கட்டடமாகவே காட்டிவிட்டார்.

1880களின் பிற்பகுதியிலிருந்து 1899 வரை எடின்பரோவில் கோடைப் பள்ளிகளையும் நடத்தினார். காலையில் விரிவுரை, பிற்பகலில் கள நடை. பிரெஞ்சுப் புவியியல் மேதை எலிசே ரெக்லு போன்றோர் அங்கே கற்பித்தார்கள். பாடசாலை ஆசிரியர்கள் ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்தார்கள். நாம் விசேடமாக நினைக்க வேண்டிய ஒன்று, இப்பள்ளிகளில் ஆண் பெண் வேறுபாடின்றிச் சேரலாம் என்பது. எடின்பரோ பல்கலைக்கழகம் பட்டப்படிப்புக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1892இல்தான். அதற்கு முன்னரே கெடிஸின் கள நடைகளில் பெண்கள் குறிப்புப் புத்தகத்தோடு நடந்தார்கள்.

டண்டீயில் அவருக்கு உதவியாளராயிருந்த ஹேபட்சன் பின்னர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் புவியியற் பள்ளிக்குத் தலைமை தாங்கி, உலகை இயற்கைப் பிரதேசங்களாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையை 1905இல் வெளியிட்டார். உயர்தர வகுப்பில் நாம் படித்த பிரதேசப் புவியியலின் ஒரு வேர் அங்கே இருக்கிறது.

ஒரு நதியின் குறுக்குவெட்டு

கெடிஸ் புவியியலுக்குத் தந்த மிகப் பெரிய கொடை பள்ளத்தாக்கின் வெட்டுமுகப் படம். மலையுச்சியிலிருந்து கடல் வரை ஒரு நதியோடு இறங்கி வரும் ஒற்றைக் கோடு அது. உச்சியில் சுரங்கத் தொழிலாளி, அடுத்து காட்டில் மரம் வெட்டுபவர், வேட்டைக்காரர், புல்வெளியில் இடையர், சரிவில் ஏழைக் கமக்காரர், சமவெளியில் வளமான தோட்டக்காரர், கரையில் மீனவர். இடம் தொழிலைத் தீர்மானிக்கிறது, தொழில் மனிதரின் பழக்கவழக்கத்தையும் வீட்டையும் ஊரையும் உருவாக்குகிறது, கடைசியில் மனிதர் இடத்தையே மாற்றுகிறார்கள். கடலோரப் பட்டினத்தை விளங்கிக்கொள்ள மலையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இதன் சாரம்.

இதை வகுப்பில் கற்பித்த ஒவ்வொரு தடவையும் நான் ஸ்கொட்லாந்து நதியை விட்டுவிட்டு நமது களனியையே கரும்பலகையில் வரைந்தேன். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். அதன் பக்கத்துக் காடுகளில் பிறந்து, மஸ்கெலியா ஓயாவாகவும் கெஹெல்கமு ஓயாவாகவும் தேயிலை மலைகளுக்கிடையே இறங்கி, மவுஸ்ஸாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களில் தங்கி, லக்சபானாவில் மின்சாரம் தந்து, இரண்டும் ஒன்றாகிக் களனியாகிறது. கித்துல்கலை தாண்டினால் தேயிலை போய் றப்பர் வரும். அவிசாவளைக்குக் கீழே தென்னையும் வயலும், ஆற்று மணல் அள்ளுவோரும். பின்னர் கொழும்புக்குக் குடிநீர் கொடுத்துவிட்டு, சுமார் 145 கிலோமீற்றர் பயணத்தை முடித்துக் கடலில் கலக்கிறது. அம்மாவின் கூடையிலிருந்த கொழுந்து தேயிலைப் பெட்டியாகிக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியதும் ஏறக்குறைய இதே திசையில்தான்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்வேன். ஹற்றன் மேட்டில் பெய்யும் மழையின் ஒரு பங்கு ஹற்றன் ஓயா வழியே மகாவலியில் சேர்ந்து திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. டிக்கோயாப் பக்கம் விழும் பங்கு களனியோடு கொழும்புக் கடலுக்குப் போகிறது. நாடு இரண்டாகப் பிரியும் நீர்ப்பிரி மேட்டில் தாங்கள் நிற்பதை அறிந்ததும் அந்தப் பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

எம்டன், மதராஸ், கொழும்பு

1914இல் மதராஸ் ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் கெடிஸ் இந்தியாவுக்குப் புறப்பட்டார். உலக நகரங்களின் படங்களும் திட்டங்களும் கொண்ட அவரது பெரிய கண்காட்சி கிளான் கிராண்ட் என்ற வேறொரு கப்பலில் ஏற்றப்பட்டது. அந்தக் கப்பலை 1914 ஒக்டோபரில் ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. சில வாரங்களுக்கு முன் மதராஸ் மீது குண்டு போட்டு, நமது பேச்சு வழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட அதே எம்டன். பல ஆண்டு உழைப்பு கடலோடு போயிற்று. கெடிஸ் ஊர் திரும்பவில்லை. நண்பர்கள் அவசரமாகச் சேர்த்தனுப்பிய படங்களைக் கொண்டு 1915 சனவரியில் மதராஸ் பல்கலைக்கழகத்தின் செனற் மண்டபத்தில் கண்காட்சியை நடத்திவிட்டார்.

தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம் முதலிய ஊர்களைக் கால்நடையாகப் பார்த்தார். கோவிலைச் சுற்றி மாடவீதியும், தேரோடும் வழியும், குளமும் அமைந்த முறையில் தேர்ந்த நகரத் திட்டம் இருப்பதைக் கண்டு வியந்தார். நேரான வீதி போடுவதற்காக ஏழைகளின் வீடுகளை வரிசையாக இடிக்கும் திட்டங்களை எதிர்த்தார். வைத்தியர் நோயுள்ள இடத்தை மட்டும் தொடுவதுபோல, இடிந்த வீட்டை மட்டும் அகற்றி, மரம் நட்டு, கிணற்றைத் துப்புரவாக்கினால் போதும் என்பது அவர் வழி. அதற்கு முன் அந்தத் தெருவை நடந்து அளக்க வேண்டும், அங்கே வாழ்பவரைக் கேட்க வேண்டும்.

இந்தூரில் பிளேக் நோய் பரவியபோது, ஒரு நாள் மகாராசாவாகத் தம்மை நியமிக்கச் செய்து, தீபாவளி ஊர்வலம் நன்றாகத் துப்புரவாக்கப்பட்ட வீதிகளின் வழியேதான் வரும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பத்தை எடுத்தது. ஊர்வலத்தில் பெரிய எலியின் உருவமும் வந்தது. ஆயிரம் துண்டுப் பிரசுரத்தால் ஆகாத சுகாதாரப் பாடம் ஒரு திருவிழாவால் ஆயிற்று.

1917 அவரது வாழ்வின் மிகக் கொடிய ஆண்டு. தந்தையோடு மலையேறி நிலத்தைப் பார்க்கப் பழகிய மூத்த மகன் அலஸ்டெயர், போர்முனையில் பலூனில் ஏறி நிலத்தைக் கண்காணிக்கும் பணியிலிருந்தார். ஏப்ரலில் பிரான்சில் கொல்லப்பட்டார். செய்தி வந்தபோது ஆனா அம்மையார் இந்தியாவில் கடும் நோயுற்றுக் கிடந்தார். கெடிஸ் அதை அவரிடம் சொல்லவில்லை. மகன் முன்பு எழுதிய கடிதங்களையே அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மகன் இறந்தது தெரியாமலே அம்மையார் ஜூனில் கண்ணை மூடினார். அதே கோடையில் டார்ஜிலிங் தேயிலை மலைகளில் கெடிஸ் ஒழுங்கு செய்த கோடைப் பள்ளி நடந்தது. அங்கே கவி தாகூரும் விஞ்ஞானி ஜகதீஸ் சந்திர போஸும் அவருக்கு நெருக்கமாயிருந்தார்கள். போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920இல் அவர் நூலாக வெளியிட்டார்.

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியராகக் கடமையாற்றினார். அக்காலத்தில்தான் கொழும்பு நகரத் திட்டமிடல் பற்றிய பூர்வாங்க அறிக்கையை 1921இல் எழுதிக் கொடுத்தார். கொழும்பைத் தோட்ட நகரமாக்கும் எண்ணத்துக்கு அது வழிகாட்டிற்று.

குறைகளும் தொடர்ச்சியும்

அன்னாரிடம் குறைகள் இல்லாமலில்லை. தாடிக்குள் முணுமுணுத்துப் பேசுவார், பின்வரிசைக்குக் கேட்காது. தொடங்கிய பல வேலைகளை முடிக்கவில்லை. ஆலோசனைகள் பல தாளோடு நின்றன. கற்பிக்கும் முறையை மாற்றியவர் மேடைப் பேச்சில் வல்லவராக இருக்கவில்லை என்பது ஆசிரியர்களான நமக்கு ஓர் ஆறுதலும்கூட.

கடைசிக் காலத்தில் தென் பிரான்சின் மொன்பெலியே நகருக்கு அருகே, கற்பாங்கான குன்றொன்றில் மாணவர் விடுதியைக் கட்டித் தோட்டம் போட்டு வாழ்ந்தார். 1932இல் சேர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் திகதி அங்கேயே காலமானார். இளைய மகன் ஆதர் கெடிஸ் தாகூரின் கிராமப் புனரமைப்பு நிலையத்தில் பணியாற்றி, வங்காளத்தைப் பற்றி ஆய்வு செய்து, எடின்பரோவில் புவியியல் விரிவுரையாளரானார்.

நம் பக்கத்தில் 1926இல் மதராஸ் புவியியற் சங்கம் உருவாகி ஆசிரியர்களுக்குப் புதுவழி காட்டியது. இலங்கைக்கென்று தரமான புவியியல் நூலை எழுதியவர் எல்சி குக் என்ற பெண்மணி. அதைத் திருத்தி விரித்து 1951இல் வெளியிட்டவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. குலரத்தினம்.

இதெல்லாம் சோதனைக்கு உதவுமா என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. உதவும். சமவுயரக்கோட்டைச் சரிவில் ஏறி அறிந்த பிள்ளைக்கு வரைபட வினா பயமில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் பீலித் தண்ணீர் ஆகியவற்றின் பொருளை அறிவது நமது பிள்ளைகளுக்கு உயிர் காக்கும் பாடம். தேம்ஸ் நதியைச் சரியாகக் குறித்து, தன் லயத்துக்கு மேலுள்ள சரிவைப் படிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் நாம் புவியியல் கற்பித்தவர்களாக மாட்டோம்.

1948இல் குடியுரிமை இழந்து, 1964 ஒப்பந்தத்தால் பிரிந்து, நம் குடும்பங்களிற் பல நீலகிரிக்கும் வேறிடங்களுக்கும் போயின. இன்று இம்மலரைக் கோத்தகிரியிலும், இலண்டனிலும், ரொறன்ரோவிலும் இருந்து வாசிக்கும் சகோதரிகள் இருக்கிறீர்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் ஊர் எது என்று கேட்டால், கைபேசியில் தேடிக் காட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். பீலி, ஸ்டோர், பிரட்டுக்களம், மாரியம்மன் கோவில், பள்ளிக்கூடத்துக்கு ஏறிய குறுக்குப் பாதை எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து வரையுங்கள். அப்படங்களின் ஒரு பிரதியை நமது கல்லூரிப் புவியியல் அறைக்கு அனுப்பினால், அதைவிட நல்ல நூற்றாண்டுப் பரிசு வேறில்லை.